பிள்ளை சாப்பிட மறுத்தால்: ஊட்டுவதா, போனைக் காட்டுவதா, மிட்டாய் தருவதா, தட்டோடு விடுவதா?

ராத்திரி எட்டரை மணி. கிண்ணத்தில் பிசைந்து வைத்த பருப்பு சாதம் ஆறிப்போய், ஓரத்தில் நெய் வெள்ளையாக உறைந்திருக்கும். பிள்ளையின் வலது கன்னம் மட்டும் புடைத்திருக்கும். இருபது நிமிடத்துக்கு முன்னால் வைத்த வாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. "முழுங்கு கண்ணு, முழுங்கு." முழுங்காது. அதக்கி வைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்க்கும்.

ஒன்றரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. "எப்படித்தான் சாப்பிட வைக்கிறது?" என்று என்னிடம் கேட்கிற அம்மாக்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே ஐந்து பேர் ஐந்து வழி சொல்லியிருப்பார்கள். தூக்கி வைத்து ஊட்டு என்பார் பாட்டி. போனைக் கொடுத்தால் கிண்ணம் காலியாகிவிடும் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு மிட்டாயைக் காட்டினால் போதும் என்பார் இன்னொருவர். அரைத்து மாவில் கலந்துவிடு என்பார் தோழி. பசித்தால் தானாகச் சாப்பிடும், விடு என்பார் குழந்தை மருத்துவர். எல்லாருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். குழப்பம்தான் தீர்வதில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை முதல் நான்கு வழிகளிலும் மாற்றி மாற்றி வளர்த்தேன். சின்னவனைப் பெரும்பாலும் ஐந்தாவது வழியில். இரண்டுக்கும் நடுவில் நிறையப் படித்தேன், நிறைய அழுதேன். அந்த அனுபவத்தில் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

## பிள்ளை சாப்பிடுவதே இல்லையா?

பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடும். மூன்று மடங்கு. அதே வேகத்தில் வளர்ந்தால் இரண்டு வயதில் 27 கிலோ இருக்க வேண்டும்! அப்படி யாரும் வளர்வதில்லை. இரண்டு வயதில் 12 கிலோ, அதற்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையும். முதல் வருடத்தில் வாயைப் பிளந்து வாங்கிய குழந்தை இரண்டு வயதில் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிக் காரணம் புது உணவின் மேல் வருகிற பயம். நடக்கத் தொடங்கிய வயதில் இது எழும்பி, இரண்டு முதல் ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். பச்சையாக, கசப்பாக, வழவழவென்று இருக்கிற எதையும் வாயில் வைக்கத் தயங்கும். நேற்று வரை சாப்பிட்ட கீரையைக்கூட இன்று தள்ளிவிடும். இது பிடிவாதமல்ல. வளர்த்ததில் கோளாறும் அல்ல.

அளவையும் பெரியவர்களின் கண்ணால் பார்த்துவிடுகிறோம். வயதுக்கு ஒரு மேஜைக்கரண்டி என்பது பரவலாகச் சொல்லப்படும் ஒரு தோராயக் கணக்கு. மூன்று வயதுக்கு மூன்று கரண்டி சாதம், மூன்று கரண்டி பருப்பு, மூன்று கரண்டி காய். எவர்சில்வர் கிண்ணத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் அடியில் கிடக்கும். நாமோ கிண்ணம் நிறையப் பிசைந்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து வழிகளையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

- இன்று வயிற்றுக்குள் என்ன போகிறது? அளவு மட்டுமல்ல, இரும்பும் புரதமும் போகிறதா?
- பசிக்கிறது, போதும் என்கிற இரண்டையும் பிள்ளை தன் வயிற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறதா?
- ஆறு மாதம் கழித்து அவரைக்காயையும் புடலங்காயையும் தானாகக் கை நீட்டி எடுக்குமா?
- வீட்டில் இதற்கு யாருடைய நேரமும் தெம்பும் செலவாகிறது?
- புரையேறும் ஆபத்து எவ்வளவு?

நாம் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். கிண்ணம் காலியானால் அன்றைய நாள் ஜெயம். என்னைக் கேட்டால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் நீண்ட நாளைக்குக் கணக்கில் வரும். பள்ளிக்குப் போய் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறக்கும்போது நாம் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

## ஊட்டிவிடுவது

இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மொட்டைமாடியில் நிலாவைக் காட்டி உருண்டை உருட்டி வாயில் வைத்தவர்களின் கையில் வளர்ந்தவர்கள்தான் நாம். ஒரே தட்டில் பாட்டி பிசைந்து, சுற்றி உட்கார்ந்த நான்கு பேரின் கையிலும் ஆளுக்கொரு உருண்டை வைப்பதைப் போல ஒரு சாப்பாடு வேறில்லை.

ஆனால் இன்று பல வீடுகளில் நடப்பது அதுவல்ல. பிள்ளை ஓடும், கிண்ணத்தோடு பின்னால் ஓடுவோம். ஹாலில் ஒரு வாய், பால்கனியில் ஒரு வாய், பைக் மேல் உட்கார வைத்து ஒரு வாய். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். மூன்று வேளைக்கு இரண்டேகால் மணி நேரம். அதற்குள் ஊட்டுபவரின் சாப்பாடும் ஆறிவிடும். பேரப்பிள்ளையின் பின்னால் மாடிப்படி ஏறி இறங்கும் பாட்டியின் முழங்காலை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்றைய வயிற்றைப் பொறுத்தவரை இது நன்றாகவே வேலை செய்கிறது. போகவேண்டிய அளவு போய்விடும். இரண்டாவது கேள்வியில்தான் தோற்கிறது. "இன்னும் ஒரே ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்" என்று பிள்ளை போதும் என்ற பிறகும் நான்கு வாய் போகிறது. எப்போது போதும் என்பதைக் கிண்ணம்தான் முடிவு செய்கிறது. என் மூத்தவளுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, எனக்குப் போதுமா?" என்று கேட்டாள். அவள் வயிறு நிறைந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை, என்னிடம் கேட்கிறாள். கையிலிருந்த தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றேன்.

ஆபத்தும் உண்டு. அவளுக்கு இரண்டரை வயதில், அழுவதற்காக வாயைத் திறந்த இடைவெளியில் ஒரு வாய் சாதத்தை உள்ளே தள்ளிவிட்டேன். அடுத்த நொடி மூச்சை உள்ளே இழுத்தாள். புரையேறி, முகம் சிவந்து, கண்ணில் நீர் தெறிக்க இருமி இருமித் துப்பினாள். எதுவும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். அழும்போதும் சிரிக்கும்போதும் ஓடும்போதும் படுத்திருக்கும்போதும் வாயில் எதையும் வைக்கக்கூடாது. சத்தமாக இருமுகிற குழந்தையை இருமவிடுங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். வாயில் விரலை விட்டுத் தேடாதீர்கள். சத்தமே வராமல் திணறினால்தான் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

இது சிறந்த வழியாக இருக்கும் நேரங்களும் உண்டு. ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கி ஒன்றே கால், ஒன்றரை வயது வரை கை சரியாக வராது, ஊட்டித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஓரிடத்தில் உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, தலையைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும். பக்கத்திலேயே ஒரு இட்லித் துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து தெம்பில்லாமல் கிடக்கும் நாட்களிலும், எழுந்த பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கும், எந்த வயதானாலும் மடியில் உட்கார வைத்து ஊட்டலாம். அந்த நேரத்தில் அது சாப்பாடு மட்டுமல்ல.

## போனைக் காட்டி ஊட்டுவது

வேகமான வழி இதுதான். முக்கால் மணி பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைச் செய்யாத அம்மா அபூர்வம்.

பிள்ளை அப்போது சாப்பிடவில்லை. வாய் மட்டும் தானாகத் திறந்து மூடுகிறது. காரமா, புளிப்பா, கேரட்டா, பீன்ஸா என்று தெரியாது. மெல்லாமல் விழுங்கும். பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது. ஒரு காயை நூறு முறை இப்படி ஊட்டினாலும் அந்தக் காய் பிள்ளைக்குப் பழகியதாகாது, ஏனென்றால் பிள்ளை அதைப் பார்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. மூன்று வேளைச் சாப்பாடே அந்த ஒரு மணியில் பாதியைத் தின்றுவிடும்.

மறைந்திருக்கும் செலவு, வெளியே போகும்போது தெரியும். சார்ஜ் தீர்ந்தால் சாப்பாடு இல்லை. ஊரில் சிக்னல் கிடைக்காத வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லை.

இதைப் பரிந்துரைக்கும் சூழல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே பழகிவிட்டதா? ஒரு வேளையில் தொடங்குங்கள், வீட்டில் ஆட்கள் இருக்கும் ஞாயிறு மதியம் தோது. பிள்ளை உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது தொடங்க வேண்டாம். நான்கைந்து நாள் மிகக் குறைவாகத்தான் சாப்பிடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முக்கியமாக, பெரியவர்களும் சாப்பிடும்போது போனையும் டிவியையும் தள்ளி வைக்க வேண்டும். நாம் சீரியல் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் பிள்ளை நம்மைத்தான் பார்க்கும்.

## மிட்டாய் தருவதாகச் சொல்வது

"பொரியல் முடிச்சா சாக்லேட்." இந்த வாக்கியத்தைப் பிள்ளையின் காதால் கேட்டுப் பாருங்கள். பொரியல் என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. இல்லாவிட்டால் அதற்கு ஏன் கூலி கொடுக்கிறார்கள்? சாக்லேட்தான் உயர்ந்தது. இல்லாவிட்டால் அதை ஏன் கடைசி வரை ஒளித்து வைக்கிறார்கள்?

அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980-களில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் இதையே சோதித்துப் பார்த்தார். பழக்கமில்லாத சுவையில் ஒரு பால் பானம். அதைக் குடித்தால் பரிசு என்று சில குழந்தைகளுக்கு, சும்மா குடிக்கச் சில குழந்தைகளுக்கு. பரிசுக்காகக் குடித்தவர்களுக்கு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பம் பின்னால் குறைந்துபோனது. சும்மா குடித்தவர்களுக்குக் குறையவில்லை. வற்புறுத்தலும் லஞ்சமும் அந்த வேளையைக் கடத்த உதவும், பிடித்தத்தைக் கெடுக்கும்.

அதற்காக இனிப்பைப் பூட்டி வைத்தாலும் கதை நடக்காது. கண்ணில் தெரியும்படி வைத்து "தொடாதே" என்று சொன்ன தின்பண்டத்தின் மேல் குழந்தைகளுக்கு ஆசை கூடும் என்பதையும் அவருடைய பிற்கால ஆய்வுகள் காட்டின. நம்மிடம் இதற்கு அழகான ஒரு முறை இருக்கிறது. கல்யாணப் பந்தியில் இனிப்பை எப்போது வைக்கிறார்கள்? இலை போட்டவுடன், உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டோடு சேர்த்து முதலிலேயே வைத்துவிடுகிறார்கள். சாம்பாரை முடித்தால்தான் கேசரி என்று எந்தப் பரிமாறுபவரும் சொல்வதில்லை. பிறந்தநாள் கேக்கோ, கோயில் சர்க்கரைப்பொங்கலோ வீட்டுக்கு வரும் நாளில் நான் அப்படியே செய்கிறேன். சாப்பாட்டுத் தட்டிலேயே ஒரு சின்னத் துண்டு. முதலில் அதைத் தின்றாலும் சரி. மறுபடி கேட்டால், "இன்னைக்கு அவ்வளவுதான், சாப்பாடு வேணும்னா இருக்கு." முதல் இரண்டு முறை அழுகை. பிறகு இனிப்பு, தட்டில் இருக்கும் பொருட்களில் ஒன்றாகிவிட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்டனில் பின்னாளில் நடந்த ஆய்வுகளில், ஒரே ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்ததற்கு ஸ்டிக்கர் போன்ற சின்னப் பரிசு கொடுத்தபோது, பிடிக்காமல் இருந்த காய்கூடப் பிடிக்கத் தொடங்கியது. தின்பண்டத்தைப் பரிசாக வைக்கக்கூடாது. கிண்ணம் காலியானதற்குக் கொடுக்காமல், சுவைத்துப் பார்த்ததற்குக் கொடுக்க வேண்டும். நான்கு வயதுக்கு மேல், காயைத் தொடவே மாட்டேன் என்று நிற்கும் பிள்ளைக்கு இதைக் கொஞ்ச நாள் முயலலாம்.

## மறைத்துக் கலப்பது

பீட்ரூட் சப்பாத்தி, கீரை தோசை, கேரட் துருவிய இட்லி, சாம்பாரில் கரைந்த பரங்கிக்காய், இட்லிப்பொடியில் கலந்த முருங்கைக்கீரைப் பொடி. முதல் கேள்வியில், அதாவது இன்று என்ன சத்து போகிறது என்பதில், இதற்கு நல்ல மதிப்பெண். நம் ஊரில் அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஐந்தில் மூன்று பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளுக்குக் கீரை பிடிக்கும்வரை காத்திருக்க முடியாது. ராகிக் கூழோ, கீரை தோசையோ, முட்டையோ, ஈரலோ ஏதோ ஒரு வடிவில் போய்ச் சேர வேண்டும். கீரை மசியலில் அரை எலுமிச்சையைப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு. அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பாட்டோடு டீயும் காபியும் கொடுத்தால் அதற்கு நேர் எதிர்.

மூன்றாவது கேள்வியில்தான் இது சறுக்குகிறது. தோசைக்குள் அரைத்துவிட்ட கீரை, பிள்ளையைப் பொறுத்தவரை தோசைதான். கீரையின் வழுவழுப்பும் மணமும் பழகவில்லை. அதோடு ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் தோசையும் போய்விடும். எங்கள் வீட்டில் நடந்தது அது. மூத்தவள் தோசையைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. அன்றிலிருந்து ஒரு மாதம் வெள்ளைத் தோசையைக்கூடப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டாள்.

கலப்பதில் தவறில்லை, ஒளிப்பதுதான் வேண்டாம். சின்னவனுக்கு "இது முருங்கைக்கீரை அடை" என்று பெயர் சொல்லித்தான் வைக்கிறேன். கீரையை உருவுகிற வேலையும் அவனுக்குத்தான். அடைக்குள் இருக்கிற கீரை, தட்டோரத்தில் தனியாகக் கொஞ்சம் கீரைப் பொரியல், இரண்டும் ஒரே நாளில்.

## தட்டோடு விடுவது

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 1980-களிலிருந்து சொல்லிவரும் பொறுப்புப் பங்கீடு இது. என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "என்ன வேணும் தங்கம், நூடுல்ஸா, தோசையா?" என்று முதலாவதைப் பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். "இதை முடிக்காம எழுந்திருக்கக் கூடாது" என்று இரண்டாவதை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பிள்ளையின் வயிற்றை அவ்வளவு நம்பலாமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் சோதனையைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. 1920-களின் பிற்பாதியில் தொடங்கி, அப்போதுதான் திட உணவுக்கு மாறும் வயதிலிருந்த 15 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை. மொத்தம் 34 உணவுகள். வேளைக்குச் சிலவாகத் தட்டில் வைக்கப்பட்டன. குழந்தை கை காட்டினால் மட்டுமே ஊட்டினார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகச் சாப்பிட்டது, சில நாள் ஒரு பொருளை அள்ளி அள்ளி, பிறகு வேறொன்றை. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம், அந்த 34-இல் சர்க்கரையும் இல்லை, பாக்கெட் தின்பண்டமும் இல்லை. பட்டியலைப் பெரியவர்கள் போட்டார்கள், அதற்குள் குழந்தைகள் தேர்ந்தெடுத்தார்கள். சூட்சுமமே அந்தப் பட்டியலில்தான் என்று டேவிஸே சொல்லியிருக்கிறார்.

எனவே அலமாரியில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு இந்த வழியில் இறங்கினால் நடக்காது. "தட்டோடு விட்டேன், சாப்பிடல. பாவமா இருந்துச்சு, அரை மணி கழிச்சு நாலு பிஸ்கட் கொடுத்தேன்" என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது, காத்திருந்தால் பிஸ்கட் வரும் என்பதைத்தான். பாலும் இப்படித்தான். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். டம்ளரில் கலந்து கொடுக்கும் மால்ட் பொடிகளையும் மருந்து போல எண்ண வேண்டாம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடுமாறு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதுதான் காரணம்.

எங்கள் வீட்டு நேரம் இப்படி: காலை எட்டு, பதினோரு மணிக்கு ஒரு பழம், மதியம் ஒன்றரை, மாலை நாலரைக்குச் சுண்டலோ அவித்த கிழங்கோ, இரவு எட்டு. நடுவில் தண்ணீர் மட்டும். தட்டில் மூன்று வகை, அதில் ஒன்று நிச்சயம் அவன் சாப்பிடுகிற பொருள், தயிர்சாதமோ இட்லியோ. காய் ஒரு கரண்டிக்கு மேல் வைப்பதில்லை. இருபது நிமிடம் கழித்து "முடிஞ்சுதா?" என்று கேட்டுத் தட்டை எடுத்துவிடுவேன். திட்டும் கிடையாது, பாராட்டும் கிடையாது. பாராட்டாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புது உணவு பிடிக்க எட்டு முதல் பதினைந்து முறை வரை அதைச் சுவைக்க வேண்டியிருக்கலாம். நாம் மூன்றாவது முறையிலேயே "அவனுக்கு அவரைக்காய் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதுவும் அவன் காதுபட. சின்னவனின் அவரைக்காய்க் கதையைக் காலண்டரில் குறித்து வைத்தேன். முதல் இரண்டு முறை தட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டான். மூன்றாவது முறை விரலால் அழுத்திப் பிதுக்கி விதையை வெளியே எடுத்தான். ஐந்தாவது முறை தேங்காய்த் துருவலை மட்டும் நக்கினான். ஏழாவது முறை வாயில் வைத்து மென்று கையில் துப்பி, அதை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பதினோராவது முறை அப்பாவின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான். தன் தட்டிலும் அதே அவரைக்காய்தான் இருந்தது.

அப்பாவின் தட்டு என்பது தற்செயல் இல்லை. சுற்றியிருப்பவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் பயம் போகிறது. வீட்டில் உப்புமாவைத் தொடாத பிள்ளை அங்கன்வாடியில் சாப்பிடுகிறது என்று அம்மாக்கள் ஆச்சரியப்படுவார்கள். பத்துப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது பதினோராவது பிள்ளைக்கும் கை தானாகத் தட்டுக்குப் போகும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காய்கறிச் சாம்பாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வயிறு நிறைவதோடு இந்தப் பழக்கமும் அங்கே உருவாகிறது.

செலவைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. தரை முழுக்கச் சோறு. முதல் இரண்டு வாரம் மனசுக்குள் திக்திக்கென்று இருக்கும், சில ராத்திரி இரண்டு வாய்த் தயிர்சாதத்தோடு படுத்துவிடும். கொஞ்சம் உணவு வீணாகும், அதனால்தான் ஒரு கரண்டி மட்டும். இதையெல்லாம்விடப் பெரிய செலவு வீட்டுப் பெரியவர்களின் மனவருத்தம். "புள்ளைய பட்டினி போடுறியேம்மா" என்று அத்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. விவாதம் செய்து பயனில்லை என்று புரிந்தது. "அத்தை, நீங்க அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, அது போதும்" என்றேன். பேரன் பக்கத்தில் அவர் கீரையைப் பிசைந்து சாப்பிட, அந்தக் கீரையை அவன் எட்டிப் பார்க்கத் தொடங்கினான். இன்றும் அவனுக்குக் கீரை என்றால் ஆச்சியின் கீரைதான்.

நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தட்டோடு விட்டாலும் தனியாக விடக்கூடாது. முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். கொண்டைக்கடலையை மசித்துக் கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், பச்சைக் கேரட்டை வேகவைத்துக் கொடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இன்றைய சத்து | பசி, நிறைவு அறிதல் | காய் பழகுதல் | பெரியவர்களின் பாடு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| ஊட்டுதல் | நன்று | குறைவு | ஓரளவு | மிக அதிகம் | ஒன்றரை வயது வரை, நோய் நாட்களில் |
| போன் | அளவு உண்டு | இல்லை | இல்லை | இன்று குறைவு, பின்னால் அதிகம் | எனக்குத் தெரிந்து இல்லை |
| மிட்டாய் | அன்றைக்கு மட்டும் | குறைவு | கெடுக்கும் | குறைவு | தின்பண்டமல்லாத சின்னப் பரிசு, சுவைத்ததற்கு மட்டும் |
| கலத்தல் | மிக நன்று | பாதிப்பில்லை | குறைவு, பெயர் சொன்னால் ஓரளவு | சமையல் வேலை கூடும் | இரத்தசோகை, எடை குறைவு |
| தட்டோடு விடுதல் | முதலில் குறைவு, பிறகு நன்று | மிக நன்று | மிக நன்று | முதல் மாதம் அதிகம் | ஒன்றரை வயதுக்கு மேல், நலமாக இருக்கும் பிள்ளை |

ஒன்றரை வயது தாண்டிய, நலமாக வளர்கிற பிள்ளைக்கு என் முடிவு தட்டோடு விடுவது, கூடவே பெயர் சொல்லிக் கலப்பது. இருவரும் வேலைக்குப் போகிற வீடா? மூன்று வேளையும் மாற்ற முயல வேண்டாம், எல்லாரும் சேர்ந்து உட்காரும் இரவுச் சாப்பாட்டில் மட்டும் தொடங்குங்கள். பகலில் பாட்டி ஊட்டினால் ஊட்டட்டும், ஓரிடத்தில் உட்கார வைத்து, போன் இல்லாமல். இரவில் தட்டு பழகிய பிள்ளை பகலிலும் மெல்லக் கையை நீட்டும்.

## இந்த ஐந்துமே போதாத இடம்

அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறிப்பார்கள். பிள்ளை ஒல்லியாக இருக்கிறதா என்பதைவிட, தன் கோட்டிலேயே போகிறதா என்று பாருங்கள். கோடு படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ, மஞ்சள் பகுதிக்கோ அதற்குக் கீழேயோ போனாலோ தட்டை மாற்றிப் பயனில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். மண், சாக்பீஸ், சாம்பல் தின்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறை இருக்கலாம். மலச்சிக்கல் இருந்தால் பசியே எடுக்காது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, மொத்தமே பத்துப் பதினைந்து உணவுகளுக்குள் சுருங்கி அதிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, கொழகொழப்பாக எதைத் தொட்டாலும் உமட்டினாலோ அது வயதுக்கான பயம் அல்ல.

மருத்துவரிடம் போகும்போது எடை அட்டையோடு, முந்தைய மூன்று நாள் பிள்ளை வாயில் போனதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பால் எத்தனை டம்ளர், பிஸ்கட் எத்தனை, பக்கத்து வீட்டில் தின்ற முறுக்கு வரைக்கும்.